ஒரே இமாமின் பின்னால்: ஹழ்ரத் உபை இப்னு கஅப் (ரலி) அவர்களின் வாழ்வு

 



ரமழான் பிறை தென்பட்ட இரவில் நமது பள்ளிவாசல் நிரம்பி வழிவதை ஆண்டுதோறும் காண்கிறோம். இஷா முடிந்ததும் ஹாஃபிழ் முன்னே செல்ல, செல்வரும் ஏழையும், முதியவரும் சிறுவரும் தோளோடு தோள் சேர்ந்து தராவீஹுக்காக அணிவகுக்கின்றனர். இந்த அணி எந்த ஆண்டில், எவருடைய பின்னால் நிலைபெற்றது என்பதை நம்மில் எண்ணிப் பார்ப்போர் சிலரே. இரண்டாம் கலீஃபா ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் பெயரை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும் அவர்கள் மக்களை எந்த இமாமின் பின்னால் ஒன்று சேர்த்தார்களோ, அந்த ஹழ்ரத் உபை இப்னு கஅப் (ரலி) அவர்களின் வரலாற்றை விரிவாகக் கேட்டவர் குறைவு. அதனை இம்மலரின் வாயிலாக நம் ஜமாஅத்தாருக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

மதீனாவின் மைந்தர்

உபை (ரலி) அவர்கள் மதீனாவின் கஸ்ரஜ் கோத்திரத்தில், பனூ நஜ்ஜார் கிளையில் பிறந்தவர்கள். அபுல் முன்திர் என்பது அன்னாரின் குறிப்புப் பெயர். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அரபு நாட்டில் மிகச் சிலராக இருந்த அக்காலத்தில், இஸ்லாம் வருவதற்கு முன்பே எழுதத் தெரிந்தவர்களாக அன்னார் விளங்கினார்கள். அந்தக் கல்வியை அல்லாஹ் பின்னாளில் எதற்குப் பயன்படுத்தினான் என்று எண்ணும்போது வியப்பே மேலிடுகிறது.

கி.பி. 622-ஆம் ஆண்டில் மக்காவுக்கு அருகே நடைபெற்ற இரண்டாம் அகபா உடன்படிக்கையில் நாயகம் (ஸல்) அவர்களின் திருக்கரம் பற்றி உறுதிமொழி அளித்த மதீனாவாசிகளுள் அன்னாரும் ஒருவர். பெருமானார் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனாவுக்கு வந்தபின், அங்கே வஹீயை எழுதும் பேறு தொடக்கத்திலேயே உபை (ரலி) அவர்களுக்குக் கிடைத்தது. ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டில் நிகழ்ந்த பத்ருப் போரிலும் அன்னார் பங்கேற்றார்கள். அதே ஆண்டில்தான் ரமழான் நோன்பு கடமையாக்கப்பட்டது என்பதும் இங்கே நினைவு கூரத்தக்கது.

பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர்

திருக்குர்ஆனை யாரிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் நான்கு தோழர்களைக் குறிப்பிட்டார்கள். அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத், ஸாலிம், முஆத் இப்னு ஜபல், உபை இப்னு கஅப் (ரலி அன்ஹும்) ஆகியோரே அந்நால்வர். பெருமானாரின் வாழ்நாளிலேயே குர்ஆனைத் தம்மகத்தே திரட்டி வைத்திருந்த அன்ஸார்களுள்ளும் உபை (ரலி) அவர்களின் பெயர் இடம்பெறுகிறது.

ஒரு நாள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னாரை அழைத்து, அல்பய்யினா அத்தியாயத்தை உமக்கு ஓதிக் காட்டும்படி அல்லாஹ் எனக்குக் கட்டளையிட்டுள்ளான் என்று தெரிவித்தார்கள். அல்லாஹ் என் பெயரைக் குறிப்பிட்டா கூறினான் என்று உபை (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஆம் என்று விடை வந்ததும் அன்னார் அழுதுவிட்டார்கள். அர்ஷின் அதிபதியிடத்தில் தம் பெயர் கூறப்பட்டது என்ற செய்தி அன்னாருக்குப் பெருமிதத்தைத் தரவில்லை, கண்ணீரையே தந்தது. இந்தக் கண்ணீர்தான் அன்னாரின் வாழ்வைத் திறக்கும் திறவுகோல் என்று நாம் கருதுகிறோம்.

குர்ஆனில் மகத்தான வசனம் எது என்று மற்றொரு நாள் பெருமானார் (ஸல்) அவர்கள் வினவினார்கள். முதலில் அல்லாஹ்வும் அவனுடைய தூதருமே நன்கறிவர் என்று அடக்கத்தோடு ஒதுங்கிய உபை (ரலி) அவர்கள், மீண்டும் கேட்கப்பட்டபோது ஆயத்துல் குர்ஸீ என்று விடையளித்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அன்னாரின் நெஞ்சில் தட்டி, அந்த அறிவு அவருக்கு இன்பமளிக்கட்டும் என்று வாழ்த்தினார்கள்.

இமாம் ஓதுகையில் தடுமாறினால் பின்னால் நிற்பவர் எடுத்துக் கொடுப்பதை நம் பள்ளிகளில் லுக்மா கொடுத்தல் என்கிறோம். ஒருமுறை தொழுகையில் நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஓதலில் சற்றுக் குழப்பம் ஏற்பட்டது. தொழுது முடித்ததும் பெருமானார் உபை (ரலி) அவர்களை நோக்கி, நீர் நம்முடன் தொழுதீரா, பின்னர் எடுத்துச் சொல்ல உம்மைத் தடுத்தது யாது என்று வினவினார்கள். அத்தனை பேர் பின்னால் நின்றிருந்தும் அன்னாரிடமே அதனை எதிர்பார்த்தார்கள் என்றால், அன்னாரின் மனனத்தின் மீது பெருமானார் கொண்டிருந்த நம்பிக்கை எத்தகையது என்பதை நாம் உணரலாம்.

கருத்து வேறுபாட்டின் முன் ஒரு நெஞ்சம்

அன்னாரின் வாழ்வில் நம்மைப் பெரிதும் கவர்ந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. உபை (ரலி) அவர்கள் பள்ளியில் இருந்தபோது ஒருவர் வந்து தொழுதார். அவர் ஓதிய முறை அன்னார் அறிந்திராததாக இருந்தது. அடுத்து மற்றொருவர் வந்து, அதற்கும் மாறாக ஓதினார். மூவரும் நாயகம் (ஸல்) அவர்களின் சமூகம் சென்றார்கள். அவ்விருவரையும் ஓதச் செய்து கேட்ட பெருமானார், இரண்டையும் நன்றென்றே கூறினார்கள்.

குர்ஆனுக்கே தம்மை ஒப்புக்கொடுத்திருந்த உபை (ரலி) அவர்களின் உள்ளம் அந்த நொடியில் நடுங்கியது. அறியாமைக் காலத்திலும் தோன்றியிராத ஓர் ஐயம் உள்ளே எழுந்ததை அன்னார் பிற்காலத்தில் மறைக்காமல் எடுத்துரைத்தார்கள். அதை உணர்ந்த நாயகம் (ஸல்) அவர்கள் அன்னாரின் நெஞ்சில் அடித்தார்கள். அன்னாருக்கு வியர்வை பெருகியது. அல்லாஹ்வையே காண்பது போன்ற அச்சம் பற்றிக்கொண்டது. சமுதாயத்தின் மீது எளிதாக்கும்படி தாம் வேண்டிக்கொண்டதையும், குர்ஆன் ஏழு முறைகளில் ஓத அனுமதிக்கப்பட்டதையும் பெருமானார் அப்போது விளக்கினார்கள்.

ஜமாஅத்தார்களே! ஓதலில் மிக்கவர் என்று போற்றப்பட்டவருக்கே, தாம் அறிந்ததற்கு மாறானதும் சரியாக இருக்கலாம் என்பதை ஏற்பது அத்துணை கடினமாயிருந்தது. அதை அன்னார் கற்றுக்கொண்டார்கள். பின்னாளில் ஒரு சமுதாயமே அன்னாரின் பின்னால் அணிவகுத்தபோது, அந்த அணியை வழிநடத்தியது இந்தப் பாடத்தைப் பெற்ற நெஞ்சம்தான்.

அமானிதம் பேணிய தோழர்

ஒருமுறை அன்னாருக்கு 100 தீனார்கள் அடங்கிய பை ஒன்று கிடைத்தது. நாயகம் (ஸல்) அவர்களிடம் கொண்டு சென்றார்கள். ஓராண்டு அறிவிக்கும்படி ஏவப்பட்டது. உரியவர் வரவில்லை. மீண்டும் அறிவிக்கும்படி கூறப்பட்டது. இவ்வாறு திரும்பத் திரும்ப அறிவித்த பின்னரே, பையையும் அதன் கயிற்றையும் எண்ணிக்கையையும் அடையாளம் வைத்துக்கொண்டு, உரியவர் வராவிடில் பயன்படுத்தலாம் என்ற அனுமதி கிடைத்தது.

ஜகாத் வசூலிக்க அன்னார் அனுப்பப்பட்டபோது ஒருவர் மீது ஒரு வயதுடைய பெண் ஒட்டகக் குட்டியே கடமையாகியிருந்தது. பாலும் தராத, சுமையும் தாங்காத குட்டியை அல்லாஹ்வின் வழியில் கொடுக்க மனமில்லை என்று கூறி, அவர் கொழுத்த பெரிய ஒட்டகம் ஒன்றைத் தர முன்வந்தார். ஏவப்படாததைத் தாம் வாங்க முடியாதென்று உபை (ரலி) அவர்கள் மறுத்து, நாயகம் (ஸல்) அவர்களிடமே சென்று கேட்கும்படி அவரை அழைத்துச் சென்றார்கள். அவர் மனமுவந்து அளிப்பதைப் பெருமானார் ஏற்று, அவருடைய செல்வத்தில் பரக்கத் உண்டாகப் பிரார்த்தித்தார்கள். கூடுதலாகக் கிடைப்பதையும் அனுமதியின்றித் தொடாத இந்தப் பேணுதல், பொதுப்பணத்தைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் பாடமாகும்.

சிதறி நின்றவர்கள் ஒன்றான இரவு

நாயகம் (ஸல்) அவர்கள் ரமழானில் சில இரவுகள் பள்ளியில் தொழ, மக்கள் பின்னால் நின்று தொழுதார்கள். இரவுக்கு இரவு கூட்டம் பெருகியது. பள்ளி கொள்ளாத அளவு மக்கள் திரண்ட இரவில் பெருமானார் வெளியே வரவில்லை. அத்தொழுகை மக்கள் மீது கடமையாக்கப்பட்டு, அவர்கள் அதற்கு இயலாதவர்களாகி விடுவார்களோ என்ற அச்சமே காரணமென மறுநாள் விளக்கினார்கள். அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சி முழுவதிலும், உமர் (ரலி) அவர்களின் ஆட்சித் தொடக்கத்திலும் மக்கள் தனித்தனியாகவே தொழுதுவந்தார்கள்.

ஹிஜ்ரி 14-ஆம் ஆண்டு என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடும் அந்த ரமழானில், ஓர் இரவு உமர் (ரலி) அவர்கள் பள்ளிக்குச் சென்றார்கள். ஒருவர் தனியே தொழுதுகொண்டிருந்தார். வேறொருவர் பின்னால் சிறு கூட்டம் நின்றது. ஒரே பள்ளியில், ஒரே குர்ஆனை, பல மூலைகளில் பலர் ஓதிக்கொண்டிருந்தனர். வஹீ நின்றுவிட்டபடியால், கடமையாகிவிடுமோ என்ற அச்சத்திற்கு இனி இடமில்லை. இவர்களை ஒரே காரியின் பின்னால் சேர்ப்பது சிறந்தது என்று எண்ணிய கலீஃபா அவர்கள், உபை (ரலி) அவர்களை இமாமாக நியமித்தார்கள். மற்றோர் இரவில் வந்து, அனைவரும் ஒரே இமாமின் பின்னால் நிற்பதைக் கண்டு, இது எத்துணை நல்ல புதுமை என்று மகிழ்ந்தார்கள். அதே மூச்சில், இரவின் பிற்பகுதியில் எழுந்து தொழுவது இதனினும் சிறந்தது என்பதையும் சொல்லத் தவறவில்லை.

தமீமுத் தாரீ (ரலி) அவர்களும் இப்பணியில் உடன் நியமிக்கப்பட்டார்கள். நூற்றுக்கணக்கான வசனங்கள் ஓதப்பட்டன. நிற்றல் நீண்டதால் மக்கள் கைத்தடிகளின் மீது சாய்ந்து நின்றார்கள். வைகறை நெருங்கும் வேளையில்தான் வீடு திரும்பினார்கள். நம்முடைய ஹாஃபிழ் ஒரு பக்கம் கூடுதலாக ஓதிவிட்டால் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் நாம் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

உமர் (ரலி) அவர்கள் ஏன் உபை (ரலி) அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்? இருவரும் எல்லாவற்றிலும் ஒத்த கருத்துடையவர்கள் அல்லர். உபை (ரலி) அவர்கள் தம்மில் சிறந்த காரி என்று கூறிய அதே உமர் (ரலி) அவர்கள், அன்னாரின் ஓதலில் சிலவற்றைத் தாம் விட்டுவிடுவதாகவும் வெளிப்படையாகச் சொன்னார்கள். நபித்தோழர்களை வருத்துபவராக ஆகிவிடாதீர் என்று உபை (ரலி) அவர்கள் கலீஃபாவிடமே நேருக்கு நேர் கூறியதுண்டு. இருவருக்குமிடையே ஒரு வழக்கு எழுந்து, ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களின் முன் வாதியும் பிரதிவாதியுமாக அமர்ந்ததும் உண்டு. இவ்வளவும் இருந்தும், மக்களை ஒன்று சேர்க்க வேண்டிய இடத்தில் தகுதியை மட்டுமே கலீஃபா பார்த்தார்கள். தமக்கு இணங்கிப் பேசுபவரை அவர்கள் தேடவில்லை.

ஓடிப்போன இமாம்

இமாமாக இருந்தும் அன்னார் அப்பதவியில் ஒட்டிக்கொள்ளவில்லை. 20 இரவுகள் தொழவைத்துவிட்டுக் கடைசிப் பத்தில் தம் வீட்டிலேயே தனித்துத் தொழுவார்கள் என்றும், உபை ஓடிப்போய்விட்டார் என்று மக்கள் கூறுவார்கள் என்றும் ஓர் அறிவிப்பு உள்ளது. மக்கள் திரளும் அந்த இரவுகளில் எவருடைய கண்ணும் படாத மூலையையே அன்னாரின் உள்ளம் நாடியது. தம் பெயர் அர்ஷில் கூறப்பட்டதற்காக அழுதவர் அல்லவா!

லைலத்துல் கத்ரைப் பற்றி ஸிர்ரு இப்னு ஹுபைஷ் என்பவர் அன்னாரிடம் வினவினார். ஆண்டு முழுவதும் நின்று வணங்குபவர் அவ்விரவை அடைவார் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் கூறுவதை அவர் எடுத்துச் சொன்னார். உபை (ரலி) அவர்கள் முதலில் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களுக்கு அல்லாஹ்வின் அருளை வேண்டினார்கள். மக்கள் ஒரே இரவை நம்பி இருந்துவிடக் கூடாது என்பதற்காகவே அவர் அவ்வாறு கூறினார் என்று நல்லெண்ணம் கொண்டார்கள். அதன் பின்னரே, அது ரமழானின் 27-ஆம் இரவு என்று சத்தியமிட்டுத் தம் கருத்தைக் கூறினார்கள். மறுநாள் காலையில் சூரியன் கதிர்கள் இன்றி உதிக்கும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்த அடையாளத்தை ஆதாரமாகக் காட்டினார்கள். தம் கருத்தில் சத்தியமிடும் அளவுக்கு உறுதி. மாற்றுக் கருத்துடையவரிடத்தில் துஆ. இவ்விரண்டும் ஒரே நாவில் கூடியிருந்தன.

நமக்கு எஞ்சியிருப்பவை

நம் பள்ளியில் வித்ரில் ஸப்பிஹிஸ்ம, காஃபிரூன், இக்லாஸ் ஆகிய அத்தியாயங்கள் ஓதப்படுவதையும், அதன்பின் ஸுப்ஹானல் மலிகில் குத்தூஸ் என்று கூறப்படுவதையும் கேட்கிறோம். நாயகம் (ஸல்) அவர்களின் இவ்வழக்கத்தை நமக்கு அறிவித்தவர்களுள் உபை (ரலி) அவர்கள் ஒருவர். ருகூவுக்கு முன் குனூத் ஓதும் ஹனஃபிகள் அன்னாரின் அறிவிப்பை ஆதாரமாகக் கொள்கின்றனர். ரமழானின் பிற்பாதியில் மட்டும் வித்ரில் குனூத் ஓதும் ஷாஃபிஈகளும் அன்னாரின் செயலையே எடுத்துக்காட்டுகின்றனர். இரு மத்ஹபினரும் நீர் அருந்துவது ஒரே ஊற்றில் என்பதை அறிந்தால், குனூத்தின் பெயரால் முகம் திருப்பிக்கொள்ள நமக்கு மனம் வருமா?

ரக்அத்துகளின் எண்ணிக்கையும் அவ்வாறே. உபை, தமீம் (ரலி) ஆகியோர் வித்ரு உட்பட 11 ரக்அத்துகள் தொழவைக்க ஏவப்பட்டதாகவும், உமர் (ரலி) அவர்களின் காலத்தில் மக்கள் 23 தொழுததாகவும் இரு அறிவிப்புகள் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவிலேயே உள்ளன. முன்னதில் தொடங்கிப் பின்னர் 20 தராவீஹும் 3 வித்ருமாக நிலைபெற்றது என்று இமாம் பைஹகீ (ரஹ்) போன்றோர் இணக்கம் கண்டனர். நம் ஜமாஅத்தில் 20 ரக்அத்துகளே தொழப்படுகின்றன. எட்டோடு எழுந்து செல்பவரும் நம் சகோதரரே.

இதனை எழுதும்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியவர்களாக இருக்கிறோம். மதரஸாவில் ஓதி முடித்து, இளமை வேகத்தோடு நாம் முதலில் பணியேற்ற ஓர் ஊரில், இதே எண்ணிக்கை குறித்துப் பிணக்கு எழுந்தது. மின்பரில் நின்று ஆதாரங்களை அடுக்கினோம். ஆதாரங்களில் குறையில்லை, நம் நாவில்தான் குறையிருந்தது. கடுஞ்சொற்களைப் பேசினோம். அவ்வாண்டு பெருநாள் தொழுகையில் ஒரு ஸஃப்பு குறைந்திருந்ததைக் கண்டபோதுதான் நாம் இழந்தது என்னவென்று விளங்கியது. வாதத்தில் வென்றோம், மனிதர்களை இழந்தோம். சுன்னத்தான ஒரு தொழுகைக்காக, கடமையான சகோதரத்துவத்தை முறித்துவிட்டோம். அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக! உபை (ரலி) அவர்களின் வரலாற்றை நாம் அதன்பின்னரே ஊன்றிப் படித்தோம்.

இறுதி நாட்கள்

பிழைகளுக்கு நோய் பரிகாரமாகிறது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறக் கேட்ட அன்னார், ஹஜ்ஜையும் ஜிஹாதையும் ஜமாஅத்துத் தொழுகையையும் தடுக்காத ஒரு காய்ச்சல் தம்மை விட்டு நீங்காதிருக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டார்கள் என அபூஸயீதுல் குத்ரீ (ரலி) அவர்களின் வாயிலாக அறிவிக்கப்படுகிறது. அன்னாரைத் தொட்டவர்கள் இறுதிவரை மேனியில் அந்தச் சூட்டை உணர்ந்தார்களாம். நோயைக் கேட்கும்போதும் ஜமாஅத்து தவறிவிடக் கூடாது என்று நிபந்தனை வைத்துக் கேட்ட உள்ளம் அது!

நடுத்தர உயரமும், சாயம் பூசாத வெண்தாடியும் கொண்டவர்களாக அன்னாரை வரலாறு வருணிக்கிறது. பள்ளிக்குத் தொலைவில் வசித்தும், வாகனம் வாங்கிக்கொள்ளும்படி கூறப்பட்டும், எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை வேண்டுமென்று நடந்தே வந்த ஓர் அன்ஸாரியின் செய்தியை நமக்கு அறிவித்தவரும் அன்னாரே. உமர் (ரலி) அவர்களின் காலத்தில் அன்னார் மறைந்ததாகச் சிலரும், உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் என வேறு சிலரும் எழுதியுள்ளனர்.

ஆயினும் அன்னாரின் ஓசை மறையவில்லை. அபூஅப்திர்ரஹ்மான் அஸ்ஸுலமீ (ரஹ்) அவர்கள் ஓதலைப் பெற்ற நபித்தோழர்களுள் அன்னாரும் ஒருவர். ஸுலமீ அவர்களிடமிருந்து ஆஸிம் (ரஹ்), அவரிடமிருந்து ஹஃப்ஸ் (ரஹ்) என்று வந்த ஓதலே இன்று நம் மதரஸாக்களில் கற்பிக்கப்படுகிறது. நம் பள்ளியில் ஹாஃபிழ் ஓதும் ஒவ்வோர் இரவிலும் அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி உபை (ரலி) அவர்களாக இருக்கிறார்கள்.

இன்ஷா அல்லாஹ், வரும் ரமழானின் முதல் இரவில் ஸஃப்பை நேராக்குங்கள் என்று நாம் கூறும்போது, கால்களோடு உள்ளங்களையும் நேராக்கிக்கொள்வோமாக! மனத்தாங்கலால் ஒதுங்கியிருக்கும் சகோதரர் எவரேனும் உங்கள் தெருவில் இருந்தால், அவரது வீட்டுக் கதவைத் தட்டி, கைபற்றி அழைத்து வாருங்கள். அவருக்கான இடம் ஸஃப்பில் காத்திருக்கிறது.

சிதறி நின்றோரை ஒரே இமாமின் பின்னால் சேர்த்த அல்லாஹ், நம் ஜமாஅத்தையும் பிரிவினையிலிருந்து காத்து, குர்ஆனின் நிழலில் ஒன்று சேர்ப்பானாக! ஆமீன்.